கணினித் திரையும் அங்கத்தினர் உரிமையும்

சங்கத்தின் கணக்கு அங்கத்தினர்களின் சொத்து. இதனை மறுப்பார் எவருமில்லை. எனினும், ஓர் அங்கத்தினர் சங்க அலுவலகத்திற்கு வந்து அமரும்பொழுது அவருடைய கணக்கு எங்கே இருக்கிறது? மேசைக்கு அப்பால், காரியதரிசியின் முகத்தை நோக்கியிருக்கும் கண்ணாடித் திரையில் இருக்கிறது. அங்கத்தினருக்குத் தெரிவது அத்திரையின் முதுகு மட்டுமே. தம் பெயரில் என்ன எழுதப்படுகிறது, எந்தப் புல எண் பதியப்படுகிறது, எத்தனை சேலைக்குக் கூலி ஏறுகிறது என்பவற்றை அவர் பிறர் வாய்மொழியாகவே அறிகிறார். பேரேட்டுக் காலத்தில் இத்தனை தூரம் இருந்ததில்லை. புத்தகத்தை அப்படியே திருப்பி வைத்து, "பாருங்கள் ஐயா" என்று வரியின்மேல் விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

இந்நிலையில், சங்கங்களுக்குக் கணினி வாங்கும்பொழுது சாதாரண மேசைக் கணினிக்குப் பதிலாகக் 'கன்வர்ட்டிபிள் லேப்டாப்' வாங்கலாமா என்ற கேள்வி நிர்வாக சபைகளில் எழத் தொடங்கியிருக்கிறது. தமிழில் அதனை உருமாறும் மடிக்கணினி எனலாம். அது நாகரிகப் பொருள் என்று தள்ளுவோர் சிலர். அது வந்தால் சங்கமே சீராகிவிடும் என்று நம்புவோர் சிலர். இரண்டு கட்சியும் மிகைப்படப் பேசுகின்றன. கருவியின் இயல்புகளை அங்கத்தினர்கள் முதலில் அறிந்துகொள்ளட்டும்; வாங்குவதும் விடுவதும் பிறகு. அவ்வியல்புகளுள் ஒன்று கூட்டுறவுக்கு மிகவும் உகந்தது என்பது நம் கருத்து. அதன் திரை அங்கத்தினர் பக்கம் திரும்பும்.

பழைய விதி

கணக்கை அங்கத்தினர் கண்முன் வைப்பது புதிய யோசனை அன்று. இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் நெசவூரில் 28 பேர் சேர்ந்து 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். ஆளுக்கொரு வாக்கு, சரியான எடை, கலப்படமற்ற சரக்கு என்பவற்றோடு, கணக்கறிக்கையை அடிக்கடி அங்கத்தினர் முன் வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் வழிவந்த கொள்கைகளுள் ஒன்று. கடையில் எடையும் ஏட்டில் கணக்கும் ஒரே நேர்மையின் இரு முகங்கள் என்று அவர்கள் கண்டனர்.

நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகள் ஒரு கடன் சங்கம் கண்டனர். அன்று முதல் பேரேடும் நாளேடும் ரொக்கப் புத்தகமும் கையெழுத்திலேயே நடந்தன. கையெழுத்தில் பிழை உண்டு, தாமதம் உண்டு, சில இடங்களில் மோசடியும் உண்டு. ஆயினும் எழுதுபவருக்குத் தெரிந்த எழுத்து எதிரே இருப்பவருக்கும் தெரிந்தது.

இன்று கணக்கு கணினிக்கு ஏறிவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் செலவிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் 63,000 சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் சேர்ப்பது அன்று அதன் நோக்கமாக இருந்தது. நோக்கம் நன்று. கணக்கு முடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, தணிக்கையும் எளிதாகும். தணிக்கைக்குச் செல்லும் நாம் இதனை வரவேற்கிறோம். ஆனால் தணிக்கையாளர் ஆண்டுக்கொருமுறை பார்ப்பதைக் காட்டிலும், அங்கத்தினர் அன்றன்றே பார்ப்பது பெரிய காவல் அன்றோ?

ஓர் இலக்கத்தின் விலை

கரிசல் சீமையில் இதன் அருமை விளங்கும். எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் மானாவாரி வேளாண்மையே பெரும்பகுதி. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையை நோக்கி வானம் பார்க்கும் பூமி இது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, மிளகாய், மல்லி, பருத்தி என எதை விதைத்தாலும் மழை பொய்த்தாலும் கேடு, அறுப்பு நேரத்தில் அடித்துப் பெய்தாலும் கேடு. ஆகவே பயிர்க்காப்பீடு இங்கே சோற்றுப் பிரச்சினை. 2016ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவத்துத் தானியம், பயறு, எண்ணெய் வித்துகளுக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. பருத்தி, மிளகாய் முதலிய பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு நூற்றுக்கு ஐந்து வரை.

இதற்கு அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் முதலியவற்றைக் கொண்டுவந்து சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதிவு செய்கின்றனர். கடைசி நாள் நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகும். விசைப்பலகையில் கை விரையும். புல எண்ணில் 127 என்பது 172 ஆகலாம். உளுந்து பாசியாகலாம். வங்கிக் கணக்கெண்ணில் ஓர் இலக்கம் பிறழலாம். பிரீமியம் கட்டிய இரசீது பையில் பத்திரமாக இருக்கும். ஆனால் பயிர் அழிந்து இழப்பீடு வரும் நாளில், பதிவிலுள்ள நிலம் ஒன்று, அழிந்த நிலம் வேறொன்று என்றாகிவிடும். அன்று அலைவது விவசாயி. அவ்வோர் இலக்கத்தைப் பதியும்பொழுதே அவர் பார்த்திருந்தால், திருத்த ஒரு நொடி போதும்.

பயிர்க்கடனிலும் இதுவே நிலை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அத்தகைய வேளைகளில் யார் பெயர், எந்தத் தேதியில், எவ்வளவு நிலுவை என்பதைச் சங்கத்தின் பதிவேடே தீர்மானிக்கிறது. அங்கத்தினரின் நினைவு அங்கே சாட்சியாவதில்லை.

நெசவாளர்களுக்கும் இது பொருந்தும். பாவும் ஊடையும் எவ்வளவு எடையில் வழங்கப்பட்டன, எத்தனை சேலை திரும்பி வந்தன, எந்த இரகத்துக் கூலி போடப்பட்டது, சேமிப்புக்கென எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பவை யாவும் இன்று திரையில் ஏறும் எண்களே. தறிக்குழியில் பகல் முழுதும் மிதித்தவர் மாலையில் வந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவது கூட்டுறவு ஆகாது. பழைய மாஸ்டர் நெசவு முதலாளியிடம் அவர் அப்படித்தான் இருந்தார். சங்கம் தோன்றியதே அந்நிலை மாறுவதற்காக அன்றோ?

கருவி எத்தகையது?

இனிக் கருவியைப் பார்ப்போம். சாதாரண மடிக்கணினி ஒரு புத்தகம்போலத் திறக்கும். ஓரளவுக்கு மேல் சாயாது. உருமாறும் வகையில் திரையையும் விசைப்பலகையையும் இணைக்கும் கீல் 360 பாகை சுழலும். ஒவ்வொரு கீலிலும் இரண்டு அச்சுகள் உண்டு. ஒவ்வோர் அச்சும் பாதிச் சுற்றைத் தாங்குகிறது. சுழலும் திரை கொண்ட கணினிகள் 2002ஆம் ஆண்டிலேயே வந்தன. முழுதும் பின்னால் மடியும் வகை 2012ஆம் ஆண்டு லெனோவோ நிறுவனத்தார் வெளியிட்ட கருவியால் பரவியது. உடல் வளைவதை நினைந்து அதற்கு அவர்கள் 'யோகா' என்று நம் நாட்டுச் சொல்லையே பெயராக வைத்தனர். இன்று பல நிறுவனங்களும் இவ்வகையைச் செய்கின்றன.

இதற்கு நான்கு நிலைகள் உண்டு. முதலாவது, வழக்கமான மடிக்கணினி நிலை, தட்டச்சுக்கு உரியது. இரண்டாவது, விசைப்பலகை கவிழ்ந்து மேசையில் படிய, திரை மட்டும் எதிரே இருப்பவரை நோக்கி நிற்கும் நிலை. மூன்றாவது, கூடாரம்போல இரண்டு ஓரங்களில் நிற்கும் நிலை. நான்காவது, முழுதும் மடிந்து ஒரு சிலேட்டுப் பலகைபோலக் கையில் ஏந்தும் நிலை. உள்ளேயுள்ள உணரிகள் நிலை மாறியதை அறிந்து, எழுத்தை நேராகத் திருப்பிவிடும்; மடக்கியபின் விசைகள் அழுந்தினாலும் எழுத்து விழாதபடி விசைப்பலகையைத் தாமே நிறுத்திவிடும். விசைப்பலகையைத் தனியே கழற்றும் வேறொரு வகையும் உண்டு. அது இதனின் வேறு.

திரை தொடுதிரை. விரலிலுள்ள மின்தன்மையை உணர்ந்து அது வேலை செய்கிறது. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. நூலிலும் மண்வெட்டியிலும் தேய்ந்து காய்த்த விரலைத் தொடுதிரை சில வேளை உணர்வதில்லை. ஈரமான விரலாலும் தடுமாறும். அதற்குப் பேனா உதவும். இக்கணினிகள் பலவற்றிற்கு உரிய மின்பேனா உண்டு. சிலவற்றோடு சேர்ந்தே வரும், சிலவற்றிற்குத் தனியே வாங்க வேண்டும். அழுத்தத்திற்குத் தக்கபடி கோடு தடிக்கும். எழுதும்பொழுது உள்ளங்கை திரையில் பட்டாலும் கணினி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் எல்லாப் பேனாவும் எல்லாக் கணினிக்கும் பொருந்தா. தொலைந்தால் அதே வகையைத் தேடியே வாங்க வேண்டும்.

சேலைக்கரைக்கும் முந்திக்கும் உருவரைபவர்கள் கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று வரைந்து வந்ததை, இப்பேனாவால் திரையிலேயே வரையலாம். வரைந்ததை நெசவாளியின் பக்கம் திருப்பி, "இது தறியில் ஓடுமா?" என்று கேட்டுத் திருத்தலாம். உரு வரைபவரும் நெய்பவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசுவது சிறிய நன்மை அன்று.

நெசவாளர்களுக்கு உறவு

கணினி என்றால் ஒதுங்கி நிற்கும் நெசவாளத் தோழர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். இவ்வியந்திரம் உங்களுக்கு அந்நியமன்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு உரிமம் பெற்ற தறிப்பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஓடுகின்றன. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். கொக்கி பாவிழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படும். இழை கிடந்த இடத்தில் கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் பூவும் மயிலும் நெய்யப்படுகின்றன.

இதனைக் கண்ட சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்திற்கு அவ்வட்டைகளையே தேர்ந்தார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்கணக்கில் ஹெர்மன் ஹொலரித் துளையிட்ட அட்டைகளாலேயே கோடிக்கணக்கானவர்களை எண்ணினார். அவர் நிறுவிய தொழிலே பிற நிறுவனங்களோடு இணைந்து பிற்காலத்தில் ஐ.பி.எம். ஆயிற்று. இன்றைய கணினியும் உண்டு, இல்லை என்ற இரு நிலைகளிலேயே எண்ணுகிறது. தறியின் அறிவு கணினிக்குச் சென்றது. கணினியின் பயன் தறிக்காரருக்குத் திரும்பி வருவது நியாயமே.

குறைகளும் உள

நல்லதை மட்டும் கூறுவது விற்பவர் வேலை. குறைகளையும் எண்ண வேண்டும்.

முதலாவது விலை. ஒரே திறனுள்ள சாதாரண மடிக்கணினியைவிட இது கூடுதல் விலை கேட்கும். திரையும் தொடுகண்ணாடியும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், கண்ணாடி உடைந்தால் முழுத்திரையையும் மாற்ற நேரும். சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர்க் கூட்ட இயலாது. வாங்கும் நாளிலேயே போதிய நினைவகம் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது வெயிலும் தூசியும். இதன் திரை பளபளப்பானது. திறந்த வெளியில் முகம் தெரியுமேயன்றிக் கணக்குத் தெரியாது. திண்ணை நிழலிலோ வேப்ப நிழலிலோதான் பயன்படும். அங்கும் ஒளி மிகுந்த திரை வேண்டும். கோடையில் கரிசல் புழுதி மாவுபோலப் பறக்கும். நெசவுக் கூடத்தில் பஞ்சுத் தூசி மிதக்கும். மடக்கிய நிலையில் விசைகள் கீழே இருப்பதால், மேசையைத் துடைத்தபிறகே வைக்க வேண்டும். காற்றுத் துளைகளில் பஞ்சு அடைந்தால் சூடு ஏறும். திரையைப் பிடித்துத் தூக்கினால் கீல் தளரும். கீல் தளர்ந்தால் இக்கருவிக்கென்று தனிச்சிறப்பு ஒன்றும் இராது.

மூன்றாவது, கையொப்பம். கண்ணாடியின்மேல் பேனாவால் எழுதிய பெயரை ஒப்பம் என்று ஏமாறலாகாது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கும் மின்னொப்பம் வேறு. திரையில் கிறுக்கிய கோடு வேறு. அங்கத்தினர் திரையைத் தொட்டார் என்பதாலேயே சம்மதித்தார் என்று ஆகாது. அச்சிட்ட இரசீதும் பாஸ் புத்தகப் பதிவும் தொடர வேண்டும்.

நான்காவது, பிறர் இரகசியம். திரையைத் திருப்பும்பொழுது அவரவர் கணக்கு மட்டுமே அவரவர் கண்ணில் பட வேண்டும். ஒருவரது நகைக்கடனை மற்றொருவர் பார்ப்பது உரிமையன்று, அவமானம். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லிட்டுப் பூட்டுதல் காரியதரிசியின் கடமை.

இக்குறைகளைக் கேட்டு, "அப்படியானால் இது வேண்டாம், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதே, அது போதாதா?" என்று சிலர் வினவக்கூடும். குறுஞ்செய்தி நடந்து முடிந்ததைச் சொல்கிறது. நடக்கும்பொழுது கேட்பதற்கு அதில் இடமில்லை. மேலும் அது பல வேளை ஆங்கிலத்தில் வருகிறது. பேரனைத் தேடிப் பிடித்துப் படிக்கச் சொல்வதற்குள் நாள் கழிந்துவிடுகிறது.

திரையில் தமிழ் வேண்டும்

திரையைத் திருப்பினால் போதுமா? திருப்பிய திரையில் ஆங்கிலத் தலைப்புகள் மட்டும் இருந்தால், முதுகைக் காட்டியதற்கும் முகத்தைக் காட்டியதற்கும் வேற்றுமை இல்லை. 1882ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த ஊர் எட்டயபுரம். அவ்வூர்ச் சங்கத்தில் உழவர் ஒருவர் தம் கடன் நிலுவையைத் தமிழில் படிக்க இயலவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

வசதியின்மை என்று இனிச் சொல்வதற்கில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை முறை நிலைபெற்றது. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்து வந்துவிட்டது, விசைப்பலகை வந்துவிட்டது. பெயரும் பயிரும் தொகையும் தேதியும் தமிழில் காட்டும் ஒரு பக்கத்தை ஒவ்வொரு சங்கமும் மேலதிகாரிகளிடம் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு மகாசபைத் தீர்மானத்தைவிட வலிய கருவி நம்மிடம் இல்லை.

பழக்குவதற்கும் ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அன்று அதனைப் பெற்ற பிள்ளைகள் இன்று வளர்ந்து குடும்பஸ்தர்களாகி, அவர்களுள் பலர் நம் சங்கங்களிலேயே அங்கத்தினர்களாகவும் இருக்கின்றனர். மாதம் ஒரு மாலை அவர்கள் வந்து மூத்தோர்க்கு இக்கருவியின் நிலைகளைக் காட்டினால், அது சங்கத்திற்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.

நாம் வேண்டுவது

இயந்திரத்தின்மீது மட்டும் நம்பிக்கை வைப்பது தகாது. பாரதியாரின் தந்தையார் சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவினார். இயந்திர நுட்பம் அறிந்தவர் அவர்; சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி இருந்தது; ஆயினும் ஆலை நிலைக்கவில்லை, குடும்பமும் வறுமையுற்றது. இயந்திரம் நல்லதாயிருப்பது மட்டும் ஒரு முயற்சியைக் காப்பாற்றாது என்பதற்கு நம் ஊரே சாட்சி. சங்கத்தைக் காப்பாற்றுவது அங்கத்தினரின் நம்பிக்கை. நம்பிக்கையைக் காப்பாற்றுவது அவர் கண்ணால் காணும் கணக்கு.

ஆகவே நிர்வாக சபைகளுக்கு நாம் கூறுவது இதுவே. புதிய கணினி வாங்கும் காலம் வந்துள்ள சங்கம், நிதி இடங்கொடுத்தால், முகப்பில் ஒன்றேனும் உருமாறும் மடிக்கணினியாக வாங்கலாம். அதே கருவி ஊர்ப் பொதுத்திண்ணைக்கும் தறிக்கூடத்திற்கும் செல்லும். நடக்க இயலாத முதியவரின் கணக்கு அவர் வீட்டு வாசலுக்கே வரும். நிதி இல்லாத சங்கம் கடன் வாங்கி இதனை வாங்க வேண்டியதில்லை. இருக்கும் மேசைக் கணினியோடு இரண்டாவது திரை ஒன்றை அங்கத்தினர் பக்கம் வைத்தால் அதே பயன் கிட்டும். மளிகைக் கடைத் தராசில் வாங்குபவர் பக்கமும் எண் தெரிகிறது. பெட்ரோல் பங்கில் ஊற்றும் அளவு வண்டிக்காரரின் கண்முன் ஓடுகிறது. கடையில் வாங்குபவருக்குள்ள இவ்வுரிமை, சங்கத்தின் உடைமையாளராகிய அங்கத்தினருக்கு இல்லாதிருப்பது முறையா?

கருவி எதுவாயினும் மூன்று விதிகளை ஒவ்வொரு சங்கமும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். ஒன்று: எந்தப் பதிவையும் முடிவாகச் சேமிக்குமுன் திரையை அங்கத்தினரிடம் காட்ட வேண்டும். இரண்டு: பெயர், புல எண் அல்லது தறிக்கணக்கு, தொகை, தேதி ஆகியவற்றை உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும், எழுத்தறியாதவர் உரிமை எழுத்தறிந்தவர் உரிமைக்குக் குறைந்ததன்று. மூன்று: அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுத்தபின்னரே அடுத்தவரை அழைக்க வேண்டும். கூட்ட நாளில் இதற்கு நேரமேது என்று காரியதரிசிகள் கேட்பார்கள். தவறிய இலக்கத்தைத் திருத்த ஓராண்டு அலைவதோடு ஒப்பிட்டால், ஆளுக்கு ஒரு நிமிஷம் அதிகமன்று. நேர்மையான காரியதரிசிக்கும் இது கவசம். "நீர் பார்த்துச் சரியென்றீரே" என்று அவர் பிற்பாடு சொல்ல முடியும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். "ஐயா, திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் பணம், உங்கள் நிலம், உங்கள் நெசவு. திருப்பிக் காட்டும் சங்கத்தில் பங்கு சேருங்கள். காட்டாத சங்கத்தில் அடுத்த மகாசபைக்குத் தவறாமல் செல்லுங்கள்.